சோற்றுக் கரண்டியும் பொரியல் கரண்டியும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 விழுக்காடு என்று வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், உணவையும் உடற்பயிற்சியையும் சரிசெய்யுங்கள் என்றார் மருத்துவர். ஜனவரி முதல் தேதியிலிருந்து ஐந்து மணிக்கே எழுந்து ஜிம்முக்குப் போனேன். அரிசியை விட்டு வரகுக்கும் சாமைக்கும் மாறினேன். டீயையும் இனிப்பையும் அறவே நிறுத்தினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனதோடு எல்லாம் நின்றுவிட்டது. எடையும் 800 கிராம்தான் குறைந்திருந்தது. அம்மா பரிமாறும்போது போதும் என்று சொல்ல என்னால் முடிவதில்லை. எனக்கு மன உறுதியே இல்லையோ என்று தோன்றுகிறது. எங்கிருந்து மறுபடி தொடங்குவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மார்கழிக் குளிரில் ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வாரம் ஜிம்முக்குப் போனவரை மன உறுதி இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். உறக்கம், சோறு, டீ, இனிப்பு, உடற்பயிற்சி என ஐந்தையும் ஒரே நாளில் மாற்றினீர்கள். அவற்றில் ஒன்றுகூட உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 96 பேர் ஆளுக்கு ஒரேயொரு புதிய செயலைத் தேர்ந்துகொண்டு, காலை உணவுக்குப் பின் என்பதுபோல் நாளின் ஒரு நிகழ்வோடு அதை இணைத்துச் செய்துவந்தார்கள். அது பழக்கமாகப் படிய ஏறத்தாழ 66 நாள் ஆயிற்று; சிலருக்கு அதைவிட மிகக் குறைவாகவும் சிலருக்கு மிக அதிகமாகவும் ஆனது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே பொங்கல் உங்களைத் தோற்கடிக்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் எதையும் தொடரலாம் என்று யாரும் உங்களிடம் சொல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

எடையைப் பற்றி மனம் தளர வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பயன் கிடைத்தது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பவர்கள் அந்த விளிம்பில் நிற்பவர்கள், நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். என் அப்பா இந்தக் கட்டத்தைத் தாண்டியதையே அறியாமல் இருந்து, ஆறாத புண்ணுக்காகக் கால் விரலை இழந்தார். உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

இரவு உணவு முடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். அலுவலகம் எவ்வளவு நேரமானாலும் இரவு உணவு நடந்தே தீரும், அதனால் நடையை அதோடு சேர்த்துக்கொள்வது எளிது. கை கழுவியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு, தெருக்கோடி வரை போய்த் திரும்பி, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் போதும். இயங்கும் தசை இன்சுலின் உதவியின்றியும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், சாப்பிட்ட உடனே ஏறும் சர்க்கரையை இந்த நடை மட்டுப்படுத்துகிறது. வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும் இரண்டு நாள் தசைப்பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம்முக்கு அப்புறம் போகலாம், முதலில் இந்த நடை நிலைக்கட்டும்.

அரிசியை விட்டது பற்றியும் சொல்ல வேண்டும். நூறு கிராம் பச்சை அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், வரகிலும் சாமையிலும் ஏறத்தாழ 65 கிராம் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் சிறுதானியம்தானே என்று தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. மாற்ற வேண்டியது அளவு, அதற்கு அம்மாவின் துணை வேண்டும். பரிமாறுகிற அம்மாவிடம் போதும் என்று சொல்வது அவர் அன்பை மறுப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் இதே சிக்கல் இருந்தது. என் மனைவி ஒருநாள் குழிவான பெரிய சோற்றுக் கரண்டியை எடுத்துப் பொரியல் சட்டியில் போட்டார். பொரியலுக்கு இருந்த சிறு கரண்டியைச் சோற்றுப் பாத்திரத்தில் போட்டார். என் அம்மா வழக்கம்போல் மூன்று கரண்டி சோறு போட்டார். அவர் பரிமாறிய மனநிறைவு குறையவில்லை, தட்டில் சோறு பாதியாகிவிட்டது. அவரைக்காய்ப் பொரியலும் தட்டைப்பயறு கூட்டும் அந்த இடத்தை நிரப்பின. அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகமும் தணியும்.

உங்கள் அம்மாவிடம் 6.1 என்ற எண்ணையும் அதன் பொருளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மகனுக்கு எது கெடுதல் என்று தெரிந்த பிறகு எந்தத் தாயும் அதை வற்புறுத்திப் போட மாட்டார். உண்டபின் சிறிது நடக்க வேண்டும் என்று அவர் தம் பெரியவர்களிடம் கேட்டே வளர்ந்திருப்பார். அவர் கால்களுக்கு முடியுமானால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். டீயை அறவே விட வேண்டாம், அலுவலகத்தில் சர்க்கரை போடாமல் ஒரு கோப்பை குடியுங்கள்.

எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டுவது. ஆகவே இன்று தொடங்கினால் அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து, உங்கள் மருத்துவர் சொல்லும் நாளில் செய்துகொள்ளுங்கள். அந்த எண் எதுவானாலும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்.