சடோஷி நகமோட்டோ யார்? ஊகங்களைப் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். மின்னொப்பங்களைச் சரிபார்க்கும் மென்பொருளில் நீண்ட காலமாக வேலை செய்து வருகிறேன். பிட்காயின் என்ற மின்பணத்தின் தொடக்க காலத் தொகுதிகளை, அதாவது பரிமாற்றங்கள் பதிவாகும் ஏடுகளை, ஒவ்வொன்றாகத் திறந்து படித்திருக்கிறேன். அதை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ யார் என்று ஊடகங்கள் இதுவரை எழுதியவற்றைப் பற்றிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். என் சொந்தக் கணிப்பாக எந்தப் பெயரையும் இங்கே சொல்ல மாட்டேன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

கேள்வி: அடிப்படையிலிருந்து தொடங்கலாமா ஐயா? அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை எவை?

பதில்: 2008 அக்டோபர் 31 அன்று, குறியாக்கவியலாளர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் இந்தப் பெயரில் ஒருவர் பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்க வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 என்ற தேதியிட்ட முதல் தொகுதியில், வங்கிகளுக்கு இரண்டாம் முறையாக மீட்பு நிதி தரப்போவது பற்றி லண்டன் டைம்ஸ் அன்று வெளியிட்ட தலைப்பைப் பொறித்து வைத்தார். அதே மாதம் 12ஆம் தேதி ஹால் ஃபின்னி என்ற நிரலாளருக்கு 10 பிட்காயின் அனுப்பினார். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பரிமாற்றம் அதுதான். 2010 டிசம்பருடன் பொதுவெளியில் எழுதுவதை நிறுத்தினார். 2011 ஏப்ரலில் சக நிரலாளர்கள் சிலருக்கு மின்னஞ்சல் எழுதி, வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டதாகத் தெரிவித்தார். ஜப்பானில் வசிப்பதாகவும் 1975 ஏப்ரல் 5 அன்று பிறந்ததாகவும் அவர் கொடுத்த சுயவிவரத்தை எவரும் உறுதிப்படுத்தியதில்லை. அவருடைய ஆங்கிலமோ தாய்மொழிபோல் சரளமாகவும், பல இடங்களில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலுடனும் இருக்கிறது.

கேள்வி: ஒருவர் தாம்தான் சடோஷி என்று மெய்ப்பிக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, அதுவும் சில நிமிட வேலைதான். பிட்காயினில் ஒவ்வொரு நாணயமும் ஒரு திறவிச்சோடியுடன் கட்டப்பட்டிருக்கிறது. பொதுத்திறவியை யாரும் பார்க்கலாம். தனித்திறவி உரியவரிடம் மட்டுமே இருக்கும். சடோஷி அகழ்ந்ததாக (கணினியை ஓட்டிப் புதிதாக உருவாக்கியதாக) ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த தொடக்கத் தொகுதிகளின் பொதுத்திறவிகள் அந்தத் தொகுதிகளுக்குள்ளேயே வெளிப்படையாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குரிய தனித்திறவியைக் கொண்டு, இன்று நாம் கொடுக்கும் வாசகம் ஒன்றில் ஒருவர் கையொப்பமிட்டால், உலகில் எவரும் தம் கணினியிலேயே அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தத் திறவி திருடப்பட்டதாகவோ வேறொருவர் வழியாகக் கைமாறியதாகவோ இருக்கலாம் என்பதால், அதுவும் முழு நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் அதைவிடக் குறைந்த எதையும் நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய திறவி, புதிய வாசகம்: இரண்டும் சேர்ந்து வரவேண்டும். இதை இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: 2014இல் நியூஸ்வீக் அவரைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதியதே, அது என்ன ஆயிற்று?

பதில்: எனக்கு இன்றும் மனம் கசக்கும் நிகழ்வு அது. 2014 மார்ச் 6 அன்று வெளியான அந்தக் கட்டுரை, கலிஃபோர்னியாவில் வசித்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைச் சுட்டியது. அவருடைய இயற்பெயரும் அதுவாக இருந்தது, அவர் ஜப்பானிய வம்சாவளியினர், பாதுகாப்புத் துறை சார்ந்த பணிகளில் இருந்தவர் என்பவற்றோடு, வீட்டு வாசலில் அவர் சொன்ன ஒரு வாக்கியமும் சான்றாகக் காட்டப்பட்டது. "நான் இப்போது அதில் இல்லை, அதைப் பற்றிப் பேச முடியாது" என்ற பொருள்படும் அந்த வாக்கியத்தை, தாம் முன்பு செய்த ரகசிய ஒப்பந்தப் பணிகளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சொன்னதாக அவர் பின்னர் விளக்கினார். அதற்குள் வீட்டின் படம் அச்சேறிவிட்டது; செய்தியாளர்கள் வாசலை முற்றுகையிட்டு, அவர் காரில் ஏறிப் போனபோதும் துரத்திச் சென்றார்கள். பெயர் ஒற்றுமையைத் தவிர அந்தக் கட்டுரையில் எடைபோடத் தக்கது எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. யோசித்துப் பாருங்கள்: ஓர் அறிக்கை வெளிவருவதற்கு முன்பே தன் தடயங்களை அவ்வளவு கவனமாக மறைத்த ஒருவர், அதன் தலைப்பிலேயே தன் சொந்தப் பெயரைப் போடுவாரா? சான்று ஏதும் இல்லாததால்தான் அந்த முதியவரின் பெயரை நான் எழுதவில்லை.

கேள்வி: சரி, உங்கள் கணிப்பில் யார்?

பதில்: முகப்பிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி: ஆஸ்திரேலியக் கணினியாளர் கிரெய்க் ரைட் 2016இல் மின்னொப்பத்தையே காட்டினாரே? நீங்கள் கேட்கும் சான்று அதுதானே?

பதில்: இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய செய்தி நிறுவனங்களே சறுக்கிய இடம் இது.

2015 டிசம்பரில் வயர்டு, கிஸ்மோடோ ஆகிய இரண்டும் அவர் பெயரை எழுதின. 2016 மே 2 அன்று பிபிசி, எகனாமிஸ்ட் உள்ளிட்ட ஊடகங்களிடம் அவரே தாம்தான் சடோஷி என்றார். தம் வலைப்பதிவில் ஒரு கையொப்பத்தையும் விளக்கத்தையும் வெளியிட்டார். அந்த நீண்ட எழுத்துச் சரத்தை நான் என் கணினியில் பிரித்துப் பார்த்தேன். கணித அளவில் அது செல்லும். ஆனால் அதே எண்கள், மாற்றமின்றி அப்படியே, 2009 ஜனவரியில் சடோஷி செய்த ஒரு பழைய பரிமாற்றத்தில் கிடந்தன. அதாவது, ஏழாண்டுகளாக எல்லோர் கணினியிலும் இருந்த கையொப்பத்தை எடுத்து, வேறு ஏதோ உரைக்கு இட்டதுபோல் அவர் ஒட்டிவைத்திருந்தார். மின்னொப்பம் ஒரு குறிப்பிட்ட வாசகத்துக்கு மட்டுமே உரியது. ஒருவர் பழைய பத்திரத்தில் இட்ட கையெழுத்தைப் படியெடுத்து வந்து "இது என் கையெழுத்து" என்று நீட்டுவதைப் போன்றதுதான் இது. பழைய திறவி இருந்தது, புதிய வாசகம் இல்லை. குறியாக்கவியலாளர்கள் இதைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். செய்திகளோ அதற்குள் உலகைச் சுற்றிவிட்டன.

அதன் பிறகு இரண்டு நிகழ்வுகள். நீதிமன்றம் ஒன்றில் தமக்குத் தொடர்புடையவை என்று அவர் தரப்பு பட்டியலிட்ட பிட்காயின் முகவரிகளில் 145 முகவரிகளின் திறவிகளைக் கொண்டு, 2020 மே மாதம் யாரோ ஒரு செய்தியில் கையொப்பமிட்டார்கள். ரைட் பொய்யர் என்றும் இந்தக் கையொப்பத்துக்குரிய திறவிகள் அவரிடம் இல்லை என்றும் அந்தச் செய்தி சொன்னது. நான் சொல்லும் சோதனை எவ்வளவு தெளிவானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இறுதியில், லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், 2024 மார்ச் 14 அன்று, வெள்ளை அறிக்கையை எழுதியவர் அவர் அல்லர், சடோஷி என்ற பெயரில் இயங்கியவரும் அல்லர் என்று நீதிபதி மெல்லர் அறிவித்தார். மே மாதம் வந்த எழுத்துபூர்வத் தீர்ப்பு, அவர் ஆவணங்களைப் பெருமளவில் போலியாகத் தயாரித்ததாகக் கூறியது. வெள்ளை அறிக்கையை லேடெக் மென்பொருளில் தயாரித்ததாக அவர் சொல்லிவந்தார்; அந்தக் கோப்போ ஓப்பன்ஆபிஸ் என்ற வேறொரு மென்பொருளில் உருவானது.

கேள்வி: சாம்சங், தோஷிபா, நகமிச்சி, மோட்டரோலா ஆகிய பெயர்களை இணைத்தால் சடோஷி நகமோட்டோ வருகிறதாமே?

பதில்: வெட்டி ஒட்டினால் எந்தப் பெயரிலிருந்தும் எந்தப் பெயரும் வரும். இதற்கு ஆதாரம் இல்லை.

கேள்வி: நான் மொழியியல் மாணவி. எழுத்துநடை ஆய்வுகள் நிக் ஸாபோவைச் சுட்டுகின்றன. அதை ஏன் சான்றாக ஏற்கக்கூடாது?

பதில்: கணினி அறிவியலாளரான ஸாபோ 1998இலேயே பிட் கோல்டு என்ற மின்பணத் திட்டத்தைச் சிந்தித்தவர் என்பதால் அவர் பெயர் அடிபடுவது இயல்பு, அவர் மறுத்தே வந்திருக்கிறார். 2014இல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தினர் வெள்ளை அறிக்கையைச் சிலருடைய எழுத்துகளுடன் ஒப்பிட்டு, அவர்களுள் ஸாபோவே மிக நெருக்கமானவர் என்றனர். "அவர்களுள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் கொடுக்கும் பட்டியலில் உண்மையான எழுத்தாளர் இல்லாவிட்டாலும், அந்த முறை ஒருவரை நெருக்கமானவராகக் காட்டத்தான் செய்யும். ஒரே துறையில் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து வளர்ந்தவர்களின் கலைச்சொற்கள் ஒத்திருப்பதில் வியப்பில்லை. எங்கே தேடலாம் என்று சொல்ல அந்த ஆய்வு உதவும். கிடைத்துவிட்டது என்று சொல்ல உதவாது.

கேள்வி: சடோஷி தம் நாணயங்களை விற்றால் விலை விழுமா? இப்போது வாங்கலாமா?

பதில்: விலை என் துறை அல்ல. முதலீட்டு ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: ஹால் ஃபின்னிதான் சடோஷி. முதல் பரிமாற்றத்தைப் பெற்றவர், 2004லேயே இதை ஒத்த ஒன்றை உருவாக்கியவர், நியூஸ்வீக் சுட்டிய முதியவரின் ஊரிலேயே வசித்தவர். இத்தனையும் தற்செயலா?

பதில்: மூன்றும் உண்மை. ஆனால் 2009 ஏப்ரல் 18 அன்று காலை ஃபின்னி சான்டா பார்பராவில் 10 மைல் ஓட்டப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பந்தய நேரக்கணக்கு பதிவாகியிருக்கிறது: 78 நிமிடங்கள். அவர் எல்லைக் கோட்டைத் தொடுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு முன் சடோஷி, மைக் ஹர்ன் என்ற நிரலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பிட்காயின் நிரலாளர் ஜேம்சன் லாப் 2023இல் இந்த நேரங்களை ஒப்பிட்டு வெளியிட்டார்.

அதே வாசகர்: மின்னஞ்சலைக் குறித்த நேரத்தில் தானாகப் போகும்படி அமைக்க முடியாதா?

பதில்: முடியும். ஆனால் அது, பின்னொரு காலத்தில் யாரோ பந்தய முடிவுகளைத் தோண்டியெடுப்பார் என்று, பிட்காயினை விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே அறிந்திருந்த 2009இல் அவர் முன்கூட்டியே திட்டமிட்டதாக நம்மை ஏற்கச் சொல்கிறது. அதே ஓட்டத்தின்போது ஹர்னுக்கு நாணயங்கள் அனுப்பிய பரிமாற்றமும் தொகுதியில் ஏறியிருக்கிறது. அதையும் சேர்த்தே நீங்கள் விளக்க வேண்டும்.

மற்றொரு வாசகர்: இருவர் சேர்ந்து இயங்கியிருந்தால்? ஓடியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்?

பதில்: இது நியாயமான எதிர்வாதம், இதை என்னால் தள்ளிவிட முடியாது. அந்தக் காலையில் விசைப்பலகையில் இருந்தவர் ஃபின்னி அல்லர் என்பதை மட்டுமே ஓட்டப் பந்தயம் காட்டுகிறது. ஆயினும் சடோஷியின் நிரல் விண்டோஸ் சூழலில் பழகியவர் எழுதும் பாங்கில் இருக்கிறது; ஃபின்னியின் பாங்கோ வேறு. ஃபின்னி 2009 ஜனவரியில் அந்த மென்பொருள் செயலிழந்ததைக் கண்டு, பதிவுகளோடு பிழையைத் தெரிவித்து எழுதிய மின்னஞ்சல்களும் வெளிவந்திருக்கின்றன. தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் தனக்கே கடிதம் எழுதினார் என்று சொல்வதைவிட, அவர் உண்மையிலேயே முதல் பயனர் என்பது எளிய விளக்கம்.

முதல் வாசகர்: எளிய விளக்கம் என்பது நிரூபணம் அல்லவே.

பதில்: அல்ல. அதே அளவுகோல் உங்கள் கூற்றுக்கும் பொருந்தும். மேலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபின்னி தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோயுடன் போராடி 2014 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். அதற்குமுன், அவரிடம் ஏராளமான நாணயங்கள் இருக்கும் என்று நம்பிய ஒருவன் 1,000 பிட்காயின் கேட்டு மிரட்டினான். பின்னர் பொய்யான அவசர அழைப்பொன்று காவல்துறையை அவர் வீட்டுக்கு வரவழைத்தது. அசைய முடியாத அந்த மனிதரை வெளியே புல்தரையில் கிடத்த வேண்டியிருந்தது. இந்த ஊகங்கள் யாருடைய வாசலில் போய் இறங்குகின்றன என்பதை நான் மறக்க விரும்பவில்லை. ஃபின்னியைப் பற்றிய வாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

கேள்வி: ஐயா, தனிப்பட்ட முறையிலாவது, யார் என்று நினைக்கிறீர்கள்?

பதில்: இரண்டாவது முறை இதைக் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன்.

கேள்வி: சடோஷியின் கூட்டாளி என்று சொல்லி ஒருவர் தொடர்புகொண்டார். முன்பணம் கட்டினால் பழைய நாணயங்களில் பங்கு தருகிறாராம்.

பதில்: மோசடி. பணம் கட்டாதீர்கள்; உங்கள் தனித்திறவியையோ மீட்புச் சொற்களையோ எவருக்கும் கொடுக்காதீர்கள். பழைய திறவியால் புதிய வாசகத்தில் கையொப்பமிடச் சொல்லுங்கள், ஆள் காணாமல் போய்விடுவார்.

கேள்வி: அவரிடம் 11 லட்சம் நாணயங்கள் இருப்பதாக எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: செர்ஜியோ லெர்னர் என்ற ஆய்வாளர் 2013இல் தொடக்கத் தொகுதிகளை ஆராய்ந்தார். ஒவ்வொரு தொகுதியிலும் அகழும் மென்பொருள் விட்டுச்செல்லும் ஒரு கூடுதல் எண் உண்டு. கணினி ஓடஓட அது ஏறும், நிறுத்தித் தொடங்கினால் மீண்டும் கீழிருந்து வரும். அந்த எண்களை வரைபடமாக்கியபோது, ஒரே சாய்வில் அடுத்தடுத்து ஏறும் கோடுகள் தெரிந்தன, அதாவது ஒரே அகழ்வாளர். அவருடையவை ஏறத்தாழ 22,000 தொகுதிகள், தொகுதிக்கு 50 நாணயங்கள். அந்த அகழ்வாளர் சடோஷி என்பது வலுவான அனுமானம். அவற்றில் மிகப் பெரும்பகுதி இன்றுவரை அசையவில்லை.

கேள்வி: 2024 ஆவணப்படம் பீட்டர் டாட்டைச் சொன்னதே?

பதில்: எச்பிஓ தொலைக்காட்சியின் படம்; டாட் ஒரு பிட்காயின் நிரலாளர். சடோஷியின் பதிவு ஒன்றுக்கு 2010 டிசம்பரில் டாட் எழுதிய மறுமொழி, சடோஷியே தம் பேச்சைத் தொடர்வதுபோல் இருக்கிறது என்பது அதன் முக்கிய வாதம். டாட் மறுத்தார், பாதுகாப்புக் கருதித் தலைமறைவாகவும் வேண்டியிருந்தது. சிறு திருத்தம் சொல்லும் மறுமொழி எதுவும் அப்படித்தான் இருக்கும். திறவியும் இல்லை, வாசகமும் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் செய்தியாளர்கள் தேடவே கூடாதா?

பதில்: தேடட்டும். இவ்வளவு பெரிய செல்வத்தின் மூலத்தை விசாரிப்பது அவர்கள் வேலை. நான் கேட்பது, பெயரை அச்சிடுவதற்கு முன் கையொப்பத்தைக் கேளுங்கள் என்பதுதான். சடோஷியே 2011 ஏப்ரலில் சக நிரலாளர் கேவின் ஆண்ட்ரெசனுக்கு எழுதியபோது, தம்மை மர்மமான நிழல் உருவமாகப் பேசவேண்டாம், பத்திரிகைகள் அதைத் திரித்துவிடுகின்றன, திறமூலத் திட்டத்தைப் பற்றியும் அதில் உழைக்கும் நிரலாளர்களைப் பற்றியும் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கேள்வி: பொதுவெளியில் அவர் கடைசியாக எழுதியது என்ன? விடைபெற்றாரா?

பதில்: இல்லை. 2010 டிசம்பர் 12 அன்று 0.3.19 பதிப்பை வெளியிட்டு, சேவையை முடக்கும் தாக்குதல்களுக்கு எதிராகச் சில கட்டுப்பாடுகளைச் சேர்த்திருப்பதாகவும், அதில் இன்னும் செய்யவேண்டிய வேலை இருப்பதாகவும் எழுதினார்.