கல்லுல இருக்குற அந்தப் பேரு யாரோடது?

கேள்வி: லண்டன் புறநகர்ல இருக்கோம். எங்க ஹை ஸ்ட்ரீட் முனையில ஒரு பழைய வெள்ளைக் கட்டடம், கீழ சிக்கன் கடை, மேல ஜிம். சுவத்தோட அடியில ஒரு கல்லு பதிச்சிருக்காங்க, இந்தக் கல்லை நாட்டியவர்னு போட்டு ஒரு பர்ட்டன் பேரும் 1930கள்ல ஒரு வருஷமும் இருக்கு. யாரு இவங்க, ஊர் மேயரா?

பதில்: மேயர் இல்லீங்க, தையல் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளைங்க! மாண்டேக் பர்ட்டன்னு ஒருத்தர், 1885ல லித்துவேனியாவுல ஒரு யூதக் குடும்பத்துல பிறந்தவர், 1900 வாக்குல தனியாளா இங்கிலாந்து வந்து சின்னதா துணிக்கடை போட்டு, அப்புறம் லீட்ஸ்ல பெரிய ஃபேக்டரி கட்டி, சாதாரண வேலைக்காரங்களும் அளவெடுத்து தச்ச கோட் சூட் போடலாம்னு ஆக்கிக் காட்டினவர். 1952ல அவர் சாகும்போது கடைங்க கிட்டத்தட்ட அறுநூறு. புதுக் கடை கட்டுறப்ப எல்லாம் குடும்பத்துல ஒருத்தர் பேர்ல கல்லு வைக்கிறது அவங்க வழக்கம், ஸ்டான்லி, பார்பரா, ஆர்னால்ட், ரேமண்ட்னு நிறைய ஊர்ல இன்னும் பாக்கலாம்.

முனையிலயே இருக்குறதும் தற்செயல் கிடையாது, ரெண்டு தெருவுல வர்றவங்களுக்கும் கண்ல படணும்னு தேடித் தேடி முனை இடமா வாங்கினாங்க. மேல ஜிம்னு சொன்னீங்க இல்ல, அந்த மாடி அனேகமா பில்லியர்ட்ஸ் ஹாலா இருந்திருக்கும். பர்ட்டன் கடை மாடிய அதுக்குத்தான் நிறைய வாடகைக்கு விட்டாங்க, வாடகைக்கு வாடகையும் ஆச்சு, விளையாட வர்ற இளவட்டம் கீழ கண்ணாடியில மாட்டியிருக்குற சூட்டைப் பாத்துக்கிட்டேதான் படியேறணும். எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க.

ஒரு தடவை எதிர் பிளாட்ஃபாரத்துல நின்னு மாடியப் பாருங்க. கீழ போர்டு, ஷட்டர் எல்லாம் பத்து தடவை மாறியிருக்கும், மேல யாரும் கை வைக்க மாட்டாங்க. வெள்ளைப் பளபளப்பு ஓடு, ஜிக்ஜாக் வேலைப்பாடு, சில கடையில தூண் உச்சியில யானைத் தலை கூட உண்டு! வாசப்படியில மொசைக்ல கடைப் பேரு, ஜன்னலுக்குக் கீழ காத்து போற இரும்புக் கிரில்ல பேரு, இதுங்களும் தப்பிச்சிருக்கலாம், குனிஞ்சு பாருங்க.

கேள்வி: தையல் கடை போனதுக்கப்புறம் அங்க யார் யார் இருந்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தாராளமா. லோக்கல் லைப்ரரியில வரலாற்றுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கும், அங்க கெல்லீஸ் டைரக்டரி கேளுங்க, தெரு வாரியா கதவு நம்பர் போட்டு யார் என்ன கடைன்னு இருக்கும். 1960களுக்கு அப்புறம்னா கோட் (Goad)னு ஒரு வரைபடக் கம்பெனி போட்ட கடைத்தெரு வரைபடம் நல்லது, ஒவ்வொரு கடைக்குள்ளயும் பேரே எழுதியிருப்பாங்க. கவுன்சிலோட பிளானிங் ரெக்கார்டுல போர்டு மாத்தின விண்ணப்பம் வரைக்கும் கிடைக்கும்.

2021ல பர்ட்டன் பிராண்ட் ஆன்லைனுக்குக் கைமாறி கடைங்க எல்லாத்தையும் மூடிட்டாங்க, அதனால இந்தக் கட்டடங்கதான் மிச்சம். கடையை ரினவேட் பண்றோம்னு அந்தக் கல்லு மேல டைல்ஸ் ஒட்டிட்டாங்கன்னா போச்சு. அதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, கவுன்சில்ல பழைய கட்டடங்களைப் பாத்துக்குற கன்சர்வேஷன் ஆபீசருக்கு மெயில் போட்டு, உள்ளூர்ப் பாதுகாப்புப் பட்டியல்ல சேக்க முடியுமான்னு கேளுங்க, பொதுமக்கள் யார் வேணும்னாலும் கேக்கலாம்.