மெக்சிகோவின் கடலோர ஊரான பிளாயா டெல் கார்மெனுக்குக் குழந்தைகளோடு சிக்கனமாகப் போய்வர முடியுமா?

முடியும். கான்குன் விமான நிலையத்தில் மொய்க்கும் டாக்சிக்காரர்களைத் தாண்டி ஏடிஓ பேருந்து கவுன்டருக்குப் போங்கள். சுமார் ஒரு மணி நேரப் பயணம். கடலோர ரிசார்ட் வேண்டாம். ஊரின் முக்கியக் கடைத்தெருவான ஐந்தாம் அவென்யூவிலிருந்து நாலைந்து தெரு உள்ளே தள்ளி, சமையலறையுள்ள அறை எடுங்கள். மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து, யாரும் குளிக்கலாம். குடையும் நாற்காலியும்தான் காசு. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், 20 லிட்டர் கேன் மலிவு.

ஏடிஎம் தன் மாற்று விகிதத்தை ஏற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் வங்கியின் விகிதமே பெரும்பாலும் லாபம்.

பலர் கோட்டைவிடுவது எந்த மாதம் போவது என்பதில்தான். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சர்காசம் என்ற கடற்பாசி கரையில் குவிந்து அழுகி, அழுகிய முட்டைபோல நாறும். அப்படிப்பட்ட நாளில் படகேறி எதிரே உள்ள கோசுமெல் தீவின் மேற்குக் கரைக்குப் போங்கள். பாசி பெரும்பாலும் தீவின் கிழக்கிலேயே ஒதுங்கிவிடும்.