கடைக்கு மேலே வாடகை ஃபிளாட்: ரீமோர்ட்கேஜுக்கு புரோக்கர் தேவையா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை மாதம் 1,350 பவுண்டு. கடன் பாக்கி 210,000 பவுண்டு. மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன். 2021இல் ஐந்து ஆண்டுகளுக்கு 2.1 சதவீத நிலையான வட்டியில் எடுத்தது, இன்னும் ஐந்து மாதங்களில் முடிகிறது. அதன் பிறகு 8.2 சதவீதம் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஃபிளாட் இன்று 300,000 போகும். நான் செவிலியர், பதவி உயர்வுக்குப் பிறகு சம்பளம் 48,000. தோழி சொன்ன புரோக்கர் ஒருவர் கடன் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம் கேட்கிறார். மேற்கொண்டு 30,000 பவுண்டும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கடனை வேறு திட்டத்துக்கு மாற்றும் இந்த ரீமோர்ட்கேஜுக்கு அவரிடம் போகவா, நானே பார்த்துக்கொள்ளவா? கீழே முன்பு துணிக்கடை இருந்தது, இப்போது கோழி வறுவல் கடை.

பதில்: நானும் இந்தத் தொழிலில் சம்பாதிப்பவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். உங்கள் நிலையில் புரோக்கருக்கு 2,100 பவுண்டு கொடுக்க எந்த அவசியமும் இல்லை. முதல் வேலையாக, இப்போது கடன் தந்திருக்கும் வங்கியிடமே புதிய நிலையான வட்டி என்ன என்று கேளுங்கள். காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

கடன் வேறு வங்கிக்குப் போகிறதென்றால், பொதுவாக அந்த வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் ஃபிளாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பாதி அறிக்கை முடிந்துவிடும். எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு வாடிக்கையாளரின் வீட்டுக்கு வந்தவர், முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கடைப் பலகையைப் படம் எடுத்தார். பிறகு பின்பக்கச் சந்துக்குப் போய், சமையல் புகையை வெளியேற்றும் தகரக்குழாய் எந்த ஜன்னலை ஒட்டிப் போகிறது என்று பார்த்தார். குப்பைத்தொட்டிகளைத் தாண்டி இரும்புப் படியேறி மேலே போனவர், உள்ளே இருந்ததோ பத்தே நிமிடம். புதிதாகப் போட்ட சமையலறையை அவர் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. மூன்று வாரங்கள் கழித்து ஒற்றை வரியில் மறுப்பு வந்தது: கீழே சூடான உணவு விற்கும் கடை. துணிக்கடையோ புத்தகக் கடையோ இருந்தால் ஏற்றுக்கொள்ளும் வங்கிகளில் பல, உணவுக்கடை என்றதும் விலகிவிடுகின்றன. வாசனை, சத்தம், தீப்பிடிக்கும் ஆபத்து, நாளை விற்கும்போது ஆள் கிடைக்குமா என்ற சந்தேகம், எல்லாமே அவர்கள் கணக்கில் வரும்.

இப்போதைய வங்கியிலேயே வட்டித் திட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் இந்தச் சோதனை இல்லை. புராடக்ட் டிரான்ஸ்ஃபர் என்று வங்கிகள் சொல்வது இதைத்தான். கடன் தொகையைக் கூட்டாதவரை பொதுவாக யாரும் நேரில் வருவதில்லை, வழக்கறிஞர் வேலை கிடையாது, வாடகையையும் வருமானத்தையும் புதிதாகத் துருவுவதும் இல்லை. தொலைபேசியிலோ இணையதளத்திலோ அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இந்தச் சலுகை உங்களுக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். வாடகை வீட்டுக் கடனில் வங்கி முதலில் பார்ப்பது வாடகையைத்தான். சோதனைக்கென்று ஒரு வட்டியை வைத்துக்கொண்டு, அந்த வட்டியைவிட வாடகை இத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று கேட்கும். பொதுவான அளவு, 20 சதவீத வரி கட்டுபவருக்கு 125 சதவீதம், 40 சதவீத வரிக்காரருக்கு 145 சதவீதம். 5.5 சதவீதத்தில் உங்கள் கடனைச் சோதித்தால் மாத வட்டி 962 பவுண்டு 50 பென்ஸ். முதல் வகையினருக்குத் தேவையான வாடகை சுமார் 1,203. இரண்டாம் வகையினருக்குச் சுமார் 1,396. உங்கள் வாடகை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நீங்கள் இரண்டாம் வகையில்தான் வருவீர்கள். ஆண்டுச் சம்பளம் 48,000தானே, 40 சதவீத வரி தொடங்கும் 50,270 என்ற எல்லைக்குள் இருக்கிறேனே என்று நினைக்கலாம். 2017 முதல் 2020 வரை படிப்படியாக வந்த வரி மாற்றத்துக்குப் பிறகு, தனிநபர் பெயரில் இருக்கும் வாடகை வீட்டுக்கான கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. வட்டிக்காகக் கிடைப்பது 20 சதவீத வரித் தள்ளுபடி மட்டுமே. ஆகவே ஆண்டு வாடகையான 16,200இல் பராமரிப்பு போன்ற செலவுகள் போக மீதி அப்படியே சம்பளத்தோடு சேர்கிறது. பதவி உயர்வு வந்த பலருக்கு இது தெரியாமலே போய், வரிக் கணக்கு கொடுக்கும்போதுதான் தெரிய வருகிறது. கையில் மிஞ்சாத பணத்துக்கு வரி கட்டும் அந்த வேதனையை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, 30,000 பவுண்டு? அது நடக்காது. கடன் 240,000 ஆனால் ஃபிளாட்டின் மதிப்பில் 80 சதவீதம். பெரும்பாலான வங்கிகள் 75இலேயே நிறுத்திக்கொள்கின்றன, கடைக்கு மேலே என்றால் அதற்கும் கீழே. ஐந்தாண்டு நிலையான வட்டிக்குப் பல வங்கிகள் சோதனை வட்டியைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதை 5 சதவீதம் என்று வைத்தாலும், 240,000க்கு 1,450 பவுண்டு வாடகை வேண்டும். உங்கள் வாடகை தாங்கக்கூடியது ஏறத்தாழ 223,000. மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட்டால் அதுவும் கிடையாது. இந்தக் கணக்கைப் போடாமலே 30,000 வாங்கித் தருகிறேன் என்று சொன்னவரிடம் நான் என் பத்திரத்தைக் கொடுக்கமாட்டேன்.

புரோக்கரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரடியாகப் பொதுமக்களிடம் புதுக் கடன் கொடுக்காத நிறுவனங்கள் இங்கே உண்டு. லாயிட்ஸ் குழுமத்தின் பர்மிங்காம் மிட்ஷயர்ஸ் புரோக்கர் வழியாகத்தான் வேலை செய்கிறது. எந்த நிறுவனம் உணவுக்கடைக்கு மேலே கடன் தரும், எது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் வரி வகையை வேறுவிதமாகப் பார்க்கும் என்பதெல்லாம் நாளும் அதில் புழங்குபவருக்குத்தான் தெரியும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கடனில் வைத்திருப்பவர், அறை அறையாக வாடகைக்கு விட்டவர், கம்பெனி பெயரில் வாங்கியவர் ஆகியோருக்கு நல்ல புரோக்கர் தன் கட்டணத்துக்கு மேலேயே சம்பாதித்துக் கொடுப்பார்.

அப்படிப் போனால் சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். கடன் கிடைத்ததும் வங்கியிடமிருந்து உங்களுக்கு எவ்வளவு வரும்? (பொதுவாக ஏதாவது வரும், அதனால்தான் பலர் வாடிக்கையாளரிடம் ஒன்றும் வாங்காமலும், சிலர் சில நூறு பவுண்டு மட்டும் வாங்கியும் வேலை செய்கிறார்கள்.) என் பழைய வங்கியிலேயே திட்டம் மாற்றுவதையும் ஒப்பிட்டுச் சொல்வீர்களா? அந்த வழியில் அவருக்குப் பொதுவாகக் குறைவான தொகையே வரும் என்பதால் இதை எழுத்தில் வாங்குங்கள். கடன் கைகூடாவிட்டால் கட்டணம் உண்டா? நிதி நடத்தை ஆணையத்தின் (எஃப்.சி.ஏ.) பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். தொழிலாக வாடகைக்கு விடும் வீட்டுக் கடனுக்கு, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு முழுமையாகக் கிடையாது என்பதால் இது இன்னும் அவசியம்.

வட்டி விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கணக்குக்காக இரண்டு திட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் வட்டி 4.2, கட்டணம் கடனில் 3 சதவீதம், அதாவது 6,300 பவுண்டு. மற்றதில் வட்டி 4.7, கட்டணம் 995. இரண்டாண்டுத் திட்டமாக எடுத்தால் முதலாவதற்கு மொத்தச் செலவு 23,940, இரண்டாவதற்கு 20,735. வட்டி குறைந்த திட்டத்தில் 3,205 பவுண்டு நஷ்டம். அதையே ஐந்தாண்டுக்குப் போட்டால் 50,400க்கு 50,345, ஏறத்தாழ சமம். வட்டியைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றுவது பல சமயம் வாடகைச் சோதனையில் தேற வைப்பதற்காகத்தான். உங்கள் வங்கியில் அந்தச் சோதனையே வராது எனும்போது அதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

காலம் முக்கியம். 8.2 சதவீதத்தில் மாதம் 1,435 பவுண்டு, வாடகையைவிட அதிகம். 4.7இல் 822 பவுண்டு 50 பென்ஸ். ஒரு மாதம் அசந்தால் 600க்கு மேல் போய்விடும். பல வங்கிகள் மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே திட்ட மாற்றத்தைத் திறந்துவிடுகின்றன. திறந்ததும் ஒன்றைப் பிடித்து வையுங்கள். தொடங்கும் நாளுக்குள் வட்டி இறங்கினால், பெரும்பாலும் அதைவிட்டு வேறொன்றுக்கு மாறலாம். எதுவரை மாறலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய திட்டம் பழையது முடிந்த மறுநாள் தொடங்க வேண்டும். வேறு வங்கிக்குப் போய் ஒரு நாள் முந்தினால்கூட முன்கூட்டி அடைக்கும் அபராதம் விழும். உங்கள் கடனில் ஒரு சதவீதம் என்றாலே 2,100 பவுண்டு.

வேறு வங்கியையும் பார்த்துவிடலாம் என்று தோன்றினால், வாடகை ஒப்பந்தம், குறைந்தது ஈ தரம் உள்ள எரிசக்திச் சான்றிதழ், ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சிலின் வாடகை உரிமம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். 2013இலேயே தன் பகுதி முழுவதும் உரிமத்தைக் கொண்டுவந்த கவுன்சில் அது. கீழே இருப்பது கோழிக்கடை என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் மதிப்பீட்டுச் செலவும் மூன்று வாரமும்தான் வீண்.

இன்று மாலை, ஃபிளாட் எத்தனை ஆண்டுகளுக்கு உங்களுடையது என்று சொல்லும் லீஸ் பத்திரத்தை எடுத்து இன்னும் எத்தனை ஆண்டுகள் மிச்சம் என்று பாருங்கள். மிச்சம் குறைந்த லீஸுக்குப் புதிதாகக் கடன் தரப் பல வங்கிகள் தயங்கும் என்பதால், 80க்குக் கீழே இருந்தால் வேறு வங்கி என்ற பேச்சை நிறுத்திவிட்டு, திட்ட மாற்றத்தை மட்டும் முடித்துக்கொண்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.