தண்டையார்பேட்டையிலிருந்து கேலக்ஸியை அளக்க முடியுமா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம், வீடு தண்டையார்பேட்டை. தொலைதூர கேலக்ஸிகளில் வருடத்துக்கு எவ்வளவு நட்சத்திரம் பிறக்கிறது என்று கணக்கிடுவதை புராஜெக்டாக எடுக்க ஆசை. மொட்டை மாடிக்குப் போனால் துறைமுக வெளிச்சம்தான் தெரிகிறது. லேப்டாப் மட்டும் போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளில் பெரும்பகுதி 'மாஸ்ட்' என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அழகான படங்களில் மயங்காமல் நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை எடுங்கள்.

அதில் ஹைட்ரஜன் வாயு வெளியிடும் ஆல்ஃபா கோட்டைத் தேடுங்கள். இயல்பில் அது 656.3 நானோமீட்டர். உங்கள் கேலக்ஸியில் 1969 நானோமீட்டரில் தெரிந்தால் அலைநீளம் மூன்று மடங்காகியிருக்கிறது. கூடிய அளவு மூல அலைநீளத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது செம்பெயர்ச்சி 2. அந்த ஒளி கிளம்பி ஆயிரம் கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கோட்டை ஒளிரவைப்பவை பெருத்த இளம் நட்சத்திரங்கள். சுமார் ஒரு கோடி வருடத்துக்குள் அவை மடிந்துவிடும். அதனால்தான் கோட்டின் பிரகாசம் 'இப்போதைய' பிறப்பு விகிதத்தைச் சொல்கிறது.

சிக்கல் தூசுதான். எண்ணூர்ப் பக்கம் மாலைச் சூரியன் மங்கிச் சிவப்பதைப் போல, தூசு நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். ஆல்ஃபாவின் பிரகாசத்தையும், ஹைட்ரஜனின் இன்னொரு கோடான, அதைவிட நீலமான பீட்டாவின் பிரகாசத்தையும் ஒப்பிடுங்கள். தூசு இல்லாவிட்டால் விகிதம் சுமார் 2.86. உங்களுக்கு 4 வந்தால், எந்த அலைநீளத்தைத் தூசு எவ்வளவு விழுங்கும் என்று சொல்லும் கால்செட்டி விதிப்படி ஆல்ஃபாவின் நிஜப் பிரகாசம் பார்த்ததைப்போல் ஏறக்குறைய 2.4 மடங்கு. ஒன்று கவனம்: பீட்டா கோட்டுக்கு அடியில் நட்சத்திரங்களே அந்த ஒளியை உறிஞ்சுவதால் வரும் பள்ளம் இருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் இல்லாத தூசு இருப்பதாகக் கணக்கு காட்டும். மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

அப்புறம், விடையை ரொம்ப நம்பிவிடாதீர்கள். திருத்திய ஆல்ஃபா ஒளி வினாடிக்கு 10-இன் 42-ஆம் அடுக்கு எர்க் என்றால், சால்பீட்டர் நிறைப் பரவலின்படி (எந்த நிறையில் எத்தனை நட்சத்திரம் பிறக்கும் என்ற அனுமானம்) வருடத்துக்குச் சுமார் 8 சூரிய நிறை. சாப்ரியே பரவலின்படி 5 தான். எந்தப் பரவலை எடுத்தீர்கள் என்று எழுதாத புராஜெக்டுக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன்.

மொத்த நட்சத்திர நிறை வேறு கதை. அதற்குப் பல வடிகட்டிகளின் பிரகாசம் வேண்டும். 'பேக்பைப்ஸ்' போன்ற பைத்தான் நிரல் உதவும். முதல் புராஜெக்டில் அதைத் தொடாதீர்கள்.

முதலில் ஸ்லோன் என்ற வானாய்வுத் தொகுப்பில் அருகிலுள்ள கேலக்ஸி ஒன்றை எடுத்துப் பழகுங்கள். அதன் பழைய நிறமாலைமானியின் ஒளியிழை வானில் 3 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலத்தையே பிடிக்கும். பக்கத்து கேலக்ஸி என்றால் நடுப்பகுதி மட்டும்தான் சிக்கும். வரும் எண்ணும் அந்தப் பகுதிக்கு மட்டும்தான்.