அண்ணனுக்குத் தங்கை சட்டப்படி பாதுகாவலர் ஆகலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 28. என் அண்ணனுக்கு வயது 33. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். சான்றிதழில் 75 சதவீதம் என்று இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா சென்ற ஆண்டு காலமானார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் முற்றியிருக்கிறது. அண்ணனுக்குப் பாதுகாவலர் நியமனம் வேண்டும், நீதிமன்ற உத்தரவு வாங்க 40,000 ரூபாய் ஆகும் என்று வேலூரில் ஒருவர் சொல்கிறார். வீட்டில் அண்ணனுக்குள்ள பங்கை என் பெயருக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொண்டால் வேறு எதுவுமே வேண்டாம் என்கிறார் மாமா. திருமணமாகிப் போகப்போகும் நான் பாதுகாவலர் ஆக முடியுமா? ஆனால், என் சம்பளமும் வாழ்க்கையும் அதில் சிக்கிக்கொள்ளுமா?

பதில்: ஆக முடியும். திருமணம் அதற்குத் தடையில்லை. உங்கள் அண்ணன் விஷயத்தில் நீதிமன்றத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. அந்த 40,000 ரூபாயில் ஒரு ரூபாயைக்கூட யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

பதினெட்டு வயது நிறைந்தவுடன் பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது என்பது நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிவதே இல்லை. இத்தனை ஆண்டுகள் சோறூட்டி வளர்த்த உங்கள் அம்மாவுக்கும், அண்ணன் பெயரால் வங்கியிலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ கையெழுத்திடும் அதிகாரம் தானாக வந்துவிடாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியரும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அடங்கிய உள்ளூர் அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றோர் விண்ணப்பிக்கலாம்; உடன்பிறந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். உடன்பிறந்த ஒருவர் மட்டும் தனியாக விண்ணப்பிக்கும்போது அதற்கான காரணத்தை எழுத வேண்டும். உங்களுக்கு அந்தக் காரணம் கையிலேயே இருக்கிறது: அம்மாவின் உடல்நிலை. அவருடைய மருத்துவச் சான்றையும் சம்மதக் கடிதத்தையும் இணைத்து, அவர் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அவருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட வீடுகளில், அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத உறவினர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனையுடன் வந்து உட்காருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்து, நீங்கள் போகும் ஊரே தவறு. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ஆகியவை இராணிப்பேட்டைக்குச் சென்றன. உங்கள் அண்ணனின் பழைய அடையாள அட்டையில் வேலூர் மாவட்டம் என்று அச்சாகியிருக்கும். அதை நம்பி வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் 'இது இந்த மாவட்டம் இல்லை' என்று ஒரு வரி சொல்லி அனுப்ப வேண்டியது அலுவலகத்தின் கடமை. அந்த ஒரு வரியைச் சொல்ல ஆளில்லாததால்தான் வாசலில் நிற்கும் இடைத்தரகருக்குப் பிழைப்பு நடக்கிறது. அவர் கையிலிருக்கும் படிவம் இலவசப் படிவம். விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உங்களால் ஒரு மாலைப்பொழுதில் நிரப்பிவிடக்கூடிய படிவம்தான் அது. 'உள்ளே எனக்கு ஆளிருக்கிறது' என்று சொல்பவரிடம் அண்ணனின் அசல் சான்றிதழையோ ஆதாரையோ ஒருநாளும் ஒப்படைக்காதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, அசலைத் திருப்பித் தர மேலும் பணம் கேட்கும் கொடுமையும் நடக்கிறது.

நீதிமன்றம் வேண்டும் என்று அந்த ஆள் சொன்னது முழுப்பொய் அன்று என்பதால் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன நான்கு நிலைகளில் மனநோய் இல்லை. மனச்சிதைவு போன்ற மனநோய் மட்டும் உள்ளவருக்கு இந்தக் குழுவால் பாதுகாவலரை நியமிக்க முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை தொடர்பான முடிவுகளில் துணைநிற்க ஒரு நியமனப் பிரதிநிதியை அனுமதிக்கிறதே தவிர, சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரத்தை அவருக்குத் தருவதில்லை. அத்தகைய குடும்பங்கள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தையோ அரசு அறிவித்த அதிகாரியையோ நாட வேண்டும். அறிவுசார் குறைபாட்டுடன் மனநோயும் சேர்ந்திருந்தால், அறிவுசார் குறைபாடு சான்றிதழில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பகுதியில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் ஒருவருக்கு மருத்துவம் பார்த்தாலே அவருக்கு மனநோய் என்று அக்கம்பக்கத்தார் முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கே வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. எனவே ஊர் சொல்வதை விடுங்கள். மருத்துவக் குழு அளித்த சான்றிதழிலும் தனித்துவ அடையாள அட்டையிலும் குறைபாட்டின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அது தவறாகப் பதிவாகியிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்; பிறகு திருத்துவது பெரும்பாடு.

இனி உங்கள் மாமாவின் யோசனைக்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம், ஆனால் இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சம்பாதித்த வீட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமபங்கு உண்டு. குறைபாட்டைக் காட்டி யாருடைய பங்கையும் மறுக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தான் எழுதிக்கொடுப்பது என்னவென்று விளங்கிக்கொள்ள முடியாத ஒருவரிடம் கைரேகை வாங்கிப் பதியும் விடுதலைப் பத்திரம், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. சார்பதிவாளர் பதிந்துகொண்டாலும் செல்லாது. பத்திரம் எழுதித் தருகிறவர், 'கேட்டால் தலையாட்டச் சொல்லிக்கொடுங்கள், போதும்' என்பார். அவருக்குத் தேவை எழுத்துக்கூலி. பத்து ஆண்டுகள் கழித்து அந்த வீட்டின்மேல் கடன் கேட்டு நீங்கள் வங்கிக்குப் போகும்போது, அவர்களுடைய வழக்கறிஞர் அந்தப் பத்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவார். அதோடு, அண்ணனின் பங்கை எடுத்துக்கொண்ட தங்கை என்ற பெயரும் உங்களுக்கே வரும். பாதுகாவலரான பிறகும் நீங்கள் அவர் சொத்தைப் பராமரிப்பவர் மட்டுமே, அதன் உரிமையாளர் அல்லர். விற்பதற்கான உரிமமாக அந்தச் சான்றிதழை எண்ண வேண்டாம்.

குடும்ப ஓய்வூதியத்தைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி, உழைத்துச் சம்பாதிக்க இயலாத அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு, தாயின் காலத்துக்குப் பிறகு அது வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். அதற்கான விவரங்களையும் மருத்துவச் சான்றையும் இப்போதே கருவூலத்திலும் அப்பா கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்திலும் அம்மாவின் கையெழுத்துடன் கொடுத்து வையுங்கள்.

உங்கள் வாழ்க்கை கட்டுப்பட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை; குறைபாடுள்ள பிள்ளையுடன் வளர்ந்த பிள்ளையிடம் அதன் விருப்பத்தை யாருமே கேட்காமல் பொறுப்பை மட்டும் கைமாற்றிவிடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. நியமனம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அண்ணனின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் அவருடைய வரவுசெலவுக் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். அது அவருடைய பணத்துக்கான கணக்கு. உங்கள் சம்பளத்துக்கானது அன்று. பின்னாளில் உங்களால் முடியாமல் போனால், வேறொருவரை நியமிக்கும்படி அதே குழுவிடம் கேட்கலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அண்ணனை மறைத்துத் திருமணத்தை முடித்துவிடலாம் என்று சொல்லும் கல்யாணத் தரகரின் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அண்ணனுக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்ற இரண்டையும் குழு ஆராய வேண்டும் என்பது சட்டம். ஆகவே 'எல்லாவற்றுக்கும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், வீட்டுப் பங்கு, மருத்துவச் சம்மதம் என்று தேவையை மட்டும் எழுதுங்கள். அவருக்கு எது பிடிக்கும், யாரைக் கண்டால் பயப்படுவார், எவ்வளவு வரை காசு எண்ணுவார் என்பதெல்லாம் கூடவே வளர்ந்த உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அதையும் ஒரு தாளில் எழுதி இணையுங்கள். விசாரணைக்கு அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள். அவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளை அதிகாரிகள் உங்களிடம் கேட்டால், அவரிடமே கேட்கும்படி பணிவாகச் சொல்லுங்கள்.

குழு எப்போது கூடும் என்று கேட்டால் பெரும்பாலும் 'தேதி வரவில்லை' என்ற பதில்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் கூடாமலிருக்கும் குழுக்கள் உண்டு. தாய்மார்கள் நடந்து நடந்து ஓய்ந்துபோவது எவருக்கும் உறைப்பதில்லை. விண்ணப்பித்ததற்கான ஒப்புகையை எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள். இரண்டு மாதத்தில் அசைவில்லை என்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் திருப்பத்தூர் ஆட்சியரிடமே மனுவாகக் கொடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் வங்கியில் 'நீதிமன்ற உத்தரவு எங்கே' என்று கேட்டால், இந்தக் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழை வங்கிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது என்று கிளை மேலாளரிடம் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.