டாக்டரம்மா பதில்கள்: நாட்டு மருந்து சாப்பிடுறதை ஏங்க மறைக்கிறீங்க?

போன இதழ்ல சுகர், பிபி பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்களைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. பாதிப் பேர் கடைசியில ஒரே வரியை எழுதியிருக்கீங்க, "டாக்டர்கிட்ட இதை சொல்லல"ன்னு. அதனால இந்த தடவை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கிட்டேன். பேரெல்லாம் போடல, ஊரு மட்டும்.

கேள்வி: எங்கம்மாவுக்கு 58 வயசு, சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. இங்கிலீஷ் மாத்திரை கிட்னியை தின்னுடும்னு யாரோ சொன்னதைக் கேட்டு மூணு மாசமா மாத்திரையை நிறுத்திட்டு ஒருத்தர்கிட்ட வாங்கின பொடியைத்தான் சாப்பிடுறாங்க. மெஷின்ல வெறும் வயித்துல 110 காட்டுது. ஆஸ்பத்திரியில சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? (வாசகி, பாலக்கோடு)

அம்மா மேல கோவப்படாதீங்க, முதல்ல அதை சொல்லிடறேன். 11 வருஷம் தினமும் மாத்திரை முழுங்குறது எவ்வளவு சலிப்புன்னு முழுங்குறவங்களுக்குத்தான் தெரியும், இது தீரவே தீராதான்னு ஒரு ஏக்கம் இருக்கும், அந்த நேரத்துல ஒருத்தர் வந்து "வேரோட அறுத்துடலாம்"னு சொன்னா யாருக்குத்தான் ஆசை வராது.

ஆனா கிட்னி விஷயம் தலைகீழா சொல்லப்பட்டிருக்கு. கிட்னியைக் கெடுக்கிறது கட்டுப்படாத சுகரும் பிபியும்தான். சுகருக்கு நாங்க வழக்கமா கொடுக்கிற மெட்பார்மின் மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறதில்ல. ஏற்கெனவே கிட்னி ரொம்ப பலவீனமா போயிருந்தா அந்த மாத்திரை உடம்புல தேங்கும்னுதான் நாங்க டோஸைக் குறைப்போம், இல்ல நிறுத்துவோம், அதைப் பார்த்துட்டு ஜனங்க மாத்திரையாலதான் கெட்டுச்சுன்னு நினைச்சுக்கிறாங்க. இன்னொண்ணும் அம்மாகிட்ட சொல்லுங்க, மெட்பார்மினோட பூர்வீகமே ஒரு செடிதான், ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு செடி, அதுல இருந்த சத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணி 1957ல ஃபிரான்ஸ்ல மனுஷங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

110ன்னு காட்டுறது நல்லதுதான், ஆனா அது அந்தக் காலை நேரத்து கணக்கு மட்டும். மூணு மாச சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துடுங்க. பொடி எதுன்னு தெரியாததும் எனக்கு பயமா இருக்கு. சிறுகுறிஞ்சானோ ஆவாரம்பூவோ மட்டும் இருந்தா ஒரு விதம் (சிறுகுறிஞ்சான் இலையை மென்னுட்டு சர்க்கரையை வாயில போட்டா மண்ணு மாதிரி இருக்கும், நம்ம பாட்டிங்க விளையாட்டா காட்டுவாங்க). ஆனா லேபிள் இல்லாத பொடியில சுகர் மாத்திரையையே இடிச்சுக் கலந்து விக்கிறதும் நடக்குது. அப்படி இருந்தா அளவு தெரியாம சுகர் திடீர்னு இறங்கி ராத்திரி வேர்த்து மயங்கி விழுந்துடுவாங்க, பக்கத்துல ஆள் இல்லன்னா உயிருக்கே ஆபத்து.

சத்தியத்தைப் பத்தி எழுதியிருந்தீங்க. நான் படிப்பு முடிச்ச புதுசுல ஒரு பெரியவரோட மஞ்சப்பையில கஷாய பாட்டிலைப் பார்த்துட்டு வரிசையில நின்ன எல்லார் முன்னாடியும் அவரை சத்தம் போட்டேன். அடுத்த தடவை பாட்டில் இல்ல, நிறுத்திட்டாருன்னு நான் நிம்மதியா இருந்தேன். ஆறு மாசம் கழிச்சு கால்ல புண்ணோட வந்தப்பதான் அவர் மகன் சொன்னாரு, அவர் நிறுத்தினது கஷாயத்தை இல்ல, என் மாத்திரையை, என்கிட்ட சொல்ல பயந்துட்டாருன்னு. ரெண்டு விரலை எடுக்க வேண்டியதா போச்சு. அன்னிலேர்ந்து யாரையும் நான் அதுக்காக திட்டினதில்ல. அதனால அம்மாவை கூட்டிட்டு போங்க, பொடி பொட்டலத்தையும் கையோட எடுத்துட்டு போங்க, அவங்களே சொல்லட்டும். அரசு ஆஸ்பத்திரியில சித்தா பிரிவு இருக்கிற இடமா பார்த்து போனா இன்னும் நல்லது, ரெண்டு பேர்கிட்டயும் ஒரே நாள்ல காட்டிடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு. பத்து வருஷமா மூட்டு வலி, இடுப்பு வலி, குனிய முடியாது. ஊருக்கு வண்டியில வர்றவர்கிட்ட ஒரு லேகியம் வாங்கினோம், மூணே நாள்ல எழுந்து நடந்தாரு! இப்ப ரெண்டு மாசம் ஆச்சு, முகம் உப்பிப்போச்சு, பசி பயங்கரமா எடுக்குது, சுகரும் வந்துடுச்சுன்னு சொல்றாங்க. லேகியத்தை உடனே நிறுத்திடலாமா? (வாசகர், பென்னாகரம்)

உடனே நிறுத்தாதீங்க! இதை நான் ரெண்டு தடவை எழுதறதா நினைச்சுக்கோங்க.

பத்து வருஷ வலி மூணு நாள்ல போகுது, முகம் உப்புது, பசிக்குது, சுகர் ஏறுதுன்னா அதுல ஸ்டீராய்டு (வலி, வீக்கத்தை வேகமா அமுக்குற இங்கிலீஷ் மருந்து) கலந்திருக்கோன்னுதான் எனக்கு சந்தேகம். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி மாத்திரைகளை மூட்டு வலி, ஆஸ்துமா லேகியங்கள்ல கலக்குறாங்க. வாரக்கணக்கா அது உள்ள போனா உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டைக் குறைச்சுடும். திடீர்னு விட்டா வாந்தி, மயக்கம், பிபி இறங்குறதுன்னு போய் ஐசியு வரைக்கும் கொண்டு விட்டுடும். நாளைக்கே டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்த அவர் வழி சொல்லுவாரு.

அடுத்தது, உங்க அப்பா சின்ன வயசுலேர்ந்து எந்தத் தண்ணி குடிச்சாரு? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணியில ஃபுளோரைடு அதிகம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வலி வந்தா மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல, "வயசாச்சு, வாதம்"னு சொல்லிடறோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகவே கூடாது. பல்லு மஞ்சளா, காவி கலர்ல கோடு கோடா இருந்தா அது சின்ன வயசுல குடிச்ச தண்ணியோட அடையாளம். எலும்புல படிஞ்சா கழுத்தும் முதுகும் கட்டை மாதிரி இறுகிடும், இதை எந்த லேகியமும் கரைக்காது, தண்ணியை மாத்துறதுதான் முதல் வைத்தியம். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்து 2013ல திறந்தாங்க. அந்தத் தண்ணியை குடிக்க மட்டும் வச்சுக்கிட்டு சோறு, களி, குழம்புக்கெல்லாம் போர் தண்ணியை ஊத்துற வீடு நிறைய இருக்கு, தயவு செஞ்சு சமையலுக்கும் அதையே எடுங்க. கொதிக்க வச்சா ஃபுளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அதிகம்தான் ஆகும்.

ஒகேனக்கல்ல எண்ணெய் மசாஜ் பண்ணிக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. மேலோட்டமா எண்ணெய் தேய்ச்சுக்கிறது சுகமா இருக்கும், பண்ணிக்கட்டும். ஆனா கழுத்தை சொடக்குறது, முதுகுல ஏறி மிதிக்கிறதெல்லாம் வேணவே வேணாம், இறுகின முதுகெலும்புக்குள்ள தண்டுவடம் ஏற்கெனவே நெருக்கிக்கிட்டு இருக்கலாம், கை கால் வராம போயிடும். டாக்டர்கிட்ட போறப்ப முதுகு எக்ஸ்ரே எடுக்கணுமான்னு கேளுங்க.

கேள்வி: கிரியேட்டினின் (கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) 4 தாண்டிடுச்சு. டயாலிசிஸ் வேணாம்னு வாழைத்தண்டு ஜூஸ், இளநீர், ஒரு மூலிகைக் கஷாயம் எடுத்துக்கிறேன். தப்பா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

ஜூஸையும் இளநீரையும் இன்னிக்கே நிறுத்துங்க. கல்லடைப்புக்கு வாழைத்தண்டு சொல்றது வேற, பழுதான கிட்னி வேற. ரெண்டுலயும் பொட்டாசியம் அதிகம், அதை வெளியேத்துற சக்தி உங்க கிட்னிக்கு இல்ல, ரத்தத்துல ஏறினா இதயத் துடிப்பே நின்னுடும், முன்னாடி ஒரு அறிகுறியும் காட்டாம. கஷாயத்துல என்ன மூலிகைன்னு கேட்டுட்டு வாங்க, முக்கியமா ஆடுதீண்டாப்பாளை இருக்கான்னு. அந்தக் குடும்பத்துச் செடியில இருக்கிற ஒரு அமிலம் கிட்னியை அழிச்சுடும், பெல்ஜியத்துல 1990கள்ல உடம்பு இளைக்க அந்த வகை மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நிறைய பேருக்கு கிட்னி போயிடுச்சு. பொட்டாசியம் டெஸ்டை தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: சித்தர்கள் கொடுத்துட்டுப் போன வைத்தியத்தை நீங்க கேவலப்படுத்துறீங்க. (வாசகர், ஓசூர்)

இல்லீங்க. எங்க தாத்தா திரிகடுகமும் திரிபலாவும் கைப்பட இடிச்சவரு, அந்த உரல் இன்னும் எங்க வீட்ல இருக்கு. அஞ்சரை வருஷம் பிஎஸ்எம்எஸ் படிச்சுட்டு கவுன்சில்ல பதிவு பண்ணின சித்த மருத்துவர்கள்கிட்ட நானே நோயாளிகளை அனுப்புறேன். அவங்க யாரும் இன்சுலினை இன்னிக்கே தூக்கிப் போடுன்னு சொன்னதில்ல. என் கோவமெல்லாம் பேரு, லைசென்ஸ் நம்பர், தேதி எதுவும் இல்லாத டப்பா மேலதான். பற்பம், செந்தூரம்னு சொல்ற சித்த மருந்துப் பொடிகள் சிலதுல பாதரசம், ஈயம் சேருறதால அதைச் செய்யுற பக்குவம் தெரியாதவர் கையில அது விஷம். 2004ல அமெரிக்காவுல பாஸ்டன் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேத மருந்துகளை சோதிச்சதுல 14ல ஈயம், பாதரசம், ஆர்சனிக் மாதிரி உலோகம் இருந்துச்சு. சுகரை, கேன்சரை குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதே 1954ஆம் வருஷத்து சட்டப்படி குற்றம். அப்படி நோட்டீஸ் கொடுக்கிறவர் சித்தர் பேரை சொன்னா கோவம் உங்களுக்கும்தானே வரணும்?

கேள்வி: களி சாப்பிட்டா சுகர் ஏறாதாமே? (வாசகி, அரூர்)

ஏறும், கேழ்வரகும் மாவுச்சத்துதான். உருண்டையைச் சின்னதாக்கி கீரை, பயறோட சாப்பிடுங்க.

கேள்வி: மாசாமாசம் வீட்டுக்கே வந்து பிபி மாத்திரை கொடுக்கிற அக்காகிட்ட சாப்பிடுறேன்னு பொய் சொல்லிட்டேன். பூண்டுப் பாலும் ஒரு சூரணமும்தான் எடுக்கிறேன். நாலு மாச மாத்திரை டப்பாவுல அப்படியே கிடக்கு. இப்ப ஆரம்பிக்கலாமா? (வாசகி, சூளகிரி பக்கம்)

வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை உங்க பக்கத்து சாமனப்பள்ளியிலதான் 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சாங்க, அவ்வளவு கிட்டத்துல இருந்துக்கிட்டு மாத்திரையை டப்பாவுல போட்டு வச்சிருக்கீங்களேன்னு வருத்தமா இருக்கு. நீங்களா ஆரம்பிக்காதீங்க, விட்டதுக்கும் சேர்த்து ரெண்டா போட்டுக்கவும் வேணாம். இப்ப பிபி எவ்வளவுன்னு பார்த்துட்டுதான் டோஸ் சொல்ல முடியும். சூரணத்துல அதிமதுரம் இருக்கான்னு பாருங்க, தினமும் எடுத்தா அது பிபியை ஏத்தும். அந்த அக்கா அடுத்த தடவை வரும்போது டப்பாவையும் சூரணத்தையும் எடுத்து முன்னாடி வைங்க. அவங்க திட்டினா, நான் எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க.